தண்ணீர் குடிக்கப் பயந்த மகள்

பெண்பிள்ளைகளின் மலசலகூடப் பூட்டின் திறப்பு என்னுடைய மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. பாட நேரத்தில் அதைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவளும் நான்தான். மகளின் நோயை, அந்த வருத்தத்தைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம் சீனியைப் பற்றிச் சொல்வேன், ஊசியைப் பற்றிச் சொல்வேன், ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளைப் பற்றிச் சொல்வேன். திறப்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பாடசாலை பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரமாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. மழை பொய்த்த மாதங்களில் தண்ணீர் பவுசர் லொறி வந்துதான் தாங்கியை நிரப்பும். பிள்ளைகள் பைப்பைச் சரியாகப் பூட்டாமல் போவார்கள். காலை பத்து மணிக்கே தாங்கி காலியாகிவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அங்கே போய் நின்று கதைப்பார்கள். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற வகையில் ஆசிரியர் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்: பாட நேரத்தில் பூட்டுவோம், இடைவேளைக்குத் திறப்போம், அவசரம் என்றால் ஆசிரியர் அறைக்கு வந்து என்னிடம் திறப்பைக் கேட்கட்டும். எல்லோரும் சரி என்றார்கள். அந்த வாரமே பாடசாலை விடும்வரை தாங்கியில் தண்ணீர் நின்றது. "நல்ல வேலை செஞ்சீங்க டீச்சர்" என்று அதிபர் பாராட்டினார்.

மூன்று மலசலகூடங்கள். ஒன்றுக்குக் கொண்டி இல்லை. வெளியே ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினைந்து நிமிட இடைவேளையில் இருநூறு பெண்பிள்ளைகள் போய்வர வேண்டும். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. நான் படிப்பிப்பது கணிதம்.

என் மகள் ஸஹ்லா அந்த வருடம்தான் தரம் ஆறுக்கு எங்கள் பாடசாலைக்கு வந்தாள். பதினொரு வயது. வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. உம்மா டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போவது என்றால் அவளுக்குப் பெருமை. காலையில் என்னோடு பஸ்ஸில் வருவாள். கேட்டைத் தாண்டியதும் "டீச்சர்" என்றுதான் என்னைக் கூப்பிட வேண்டும் என்று நானே பழக்கியிருந்தேன்.

இரண்டாம் தவணை தொடங்கிச் சில நாட்களில் அவள் திறப்புக் கேட்டு வந்தாள். கொடுத்தேன். அடுத்த நாளும் வந்தாள். அதே வாரத்தில் மூன்றாவது தரம், இடைவேளை முடிந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, வந்து கதவோரம் நின்றாள். ஆறேழு ஆசிரியர்கள் இருந்தார்கள்.

"இப்பதானே இண்டர்வல் விட்டது? அப்ப என்ன செஞ்ச?"

"போனேன் டீச்சர். திரும்பவும் வருது."

"டீச்சர்ட புள்ள நீயே இப்படி வந்து நிண்டா மத்தப் புள்ளைகளுக்கு நான் என்னத்தச் செல்றது?"

யாரோ சிரித்தார்கள். நான் திறப்பைக் கொடுத்தேன்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பாடசாலை விட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பிரிட்ஜுக்குப் போய் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். பிறகு இன்னொன்று. வெயில் அப்படி என்று நினைத்தேன். களைப்புக்கு நல்லது என்று குளுக்கோஸ் மாவை நான்தான் கரைத்துக் கொடுத்தேன், தினமும் இரண்டு கோப்பை. காலையில் எழும்பிப் பார்த்தால் அவள் தன் படுக்கை விரிப்பைத் தானே கழுவிக் கொடியில் போட்டிருப்பாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று என் தங்கையிடம் போனில் சொல்லிச் சந்தோசப்பட்டேன். இரவில் அவள் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. உயர்கிறாள், அதனால் மெலிகிறாள் என்று சட்டையை இடுப்பில் பிடித்துச் சட்டை ஊசி குத்தி அனுப்பினேன். வகுப்பில் தூங்குகிறாள் என்று கதை வந்தது. தவணைப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. "உனக்கு என்ன கொற வெச்சிரிக்கம்?" என்று ஏசினேன். அவள் கதைப்பது குறைந்து போனதை நான் கவனித்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கவனித்தேன். அதையும் வயதுக்கு வருகிற பிள்ளையின் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அன்றைக்கு வகுப்பில் ஒரு சிறு பரீட்சை இருந்தது.

"நாடகம் போடாம உடுப்ப மாத்து" என்றேன்.

அவள் மாற்றினாள். சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. என் கணவர் றிஸ்வான் மாம்புரியில் மிளகாயும் மரக்கறியும் தோட்டம் செய்கிறவர். அப்போதுதான் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து அவளைப் பார்த்தார்.

"இங்க வா. இவ மூச்சு விடுறதப் பாரு."

பார்த்தேன். ஓடி வந்தவள்போல மூச்சு எடுத்தாள், ஆனால் அவள் எங்கும் ஓடவில்லை. ஒவ்வொரு மூச்சும் நெஞ்சின் அடிவரை போய் வந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவளுடைய வாப்பா அவளைத் தூக்கியபோது கை கால்கள் துணிபோலத் தொங்கின. முச்சக்கரவண்டியில் அவள் தலை என் மடியில் கிடந்தது. அவள் வாயிலிருந்து மிஞ்சிப் பழுத்த அன்னாசிப்பழ வாசம் வந்தது. திருட்டுத்தனமாக இனிப்பு ஏதும் சாப்பிட்டிருக்கிறாள் என்று, அந்த நேரத்திலும், நினைத்தேன்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் அவள் முகத்துக்கு அருகே குனிந்ததும் அவருடைய முகம் மாறியது. விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சிறிய மீட்டரில் வைத்தார்கள். அதில் எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. மீட்டர் பழுது என்று நினைத்தேன். பழுது இல்லை. இதற்கு மேல் என்னால் அளக்க முடியாது என்று மீட்டர் சொல்கிறது. அவ்வளவு சீனி இரத்தத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு முந்தியே நீரிழிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, அவள் சின்னப்பிள்ளை என்றேன். சின்னப்பிள்ளைகளுக்கும் வரும் என்று அந்த டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

சிறுவர்களுக்கான தீவிர சிகிச்சைக் கட்டில் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி அம்புலன்ஸில் வைத்தார்கள். நான் ஏறிக்கொண்டேன். கணவர் பின்னால் வந்தார். மதுரங்குளிச் சந்தியில் வாகனங்கள் விலகாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தில், யன்னல் வழியாக ஒரு பெண் கடையில் நின்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி தெரிவுசெய்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று தெரியாது.

சிலாபம் ஆஸ்பத்திரியில் எங்களைப் பொறுப்பெடுத்த டொக்டர் ஓர் இளம் பெண். சிங்களத்தில் கதைத்தார், எனக்கு விளங்கும், பதில் சொல்லத்தான் தடுமாறும். எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி விளக்கினார். வயிற்றுக்குள் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் சுரக்க வேண்டும். சாப்பாட்டிலிருந்து வரும் சீனி இரத்தத்தில் ஓடினாலும், இன்சுலின் இருந்தால்தான் அது உடம்பின் கலங்களுக்குள் போகும். "இன்சுலின் ஒரு திறப்பு மாதிரி" என்றார். "இவளுடைய உடம்பில் அந்தத் திறப்பு இல்லை." எத்தனையோ உதாரணம் இருக்க அவர் அதைத்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

உள்ளே போக முடியாத சீனி சிறுநீரோடு வெளியே போகிறது. போகும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தாகம். சீனி கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். எரிந்த கொழுப்பு இரத்தத்தைப் புளிக்க வைக்கும். அன்னாசி வாசமும் பெருமூச்சும் அதனால்தான். சேலைனும் இன்சுலினும் ஏற்ற வேண்டும், ஆனால் மெதுவாக. அவசரப்பட்டால் மூளையில் நீர் கோர்த்து வீங்கலாம். "தலையிடி என்று சொன்னால், வழக்கத்துக்கு மாறாக மயங்கினால், ஒரு நிமிடமும் பிந்தாமல் எங்களைக் கூப்பிடுங்கள்" என்றார். எத்தனை நேரத்துக்கு என்று கணவர் கேட்டார். நாளை இந்த நேரம்வரை பயம் இருக்கிறது என்று சொன்னார்.

கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறையில் அவளைக் கிடத்தினார்கள். உம்மா மட்டும் பக்கத்தில் இருக்கலாம். கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். ஒவ்வொரு மணித்தியாலமும் விரலில் குத்தினார்கள். ஒரு விரல் முடிந்தால் அடுத்த விரல்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி அவள் கண் விழித்தாள்.

"உம்மா, தண்ணி."

நான் போத்தலை எடுத்தேன். நேர்ஸ் என் கையைப் பிடித்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சிங்களப் பெண், சிலாபத்துக்காரர் என்பதால் தமிழும் கதைப்பார். "தண்ணி எப்பா அம்மா, வேணாம். வாந்தி வரும். டொக்டர் சொல்ற வரைக்கும் வாய் மட்டும் நனைங்க" என்று பஞ்சைக் கொடுத்தார்.

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவள் அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்தாள். நாக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஒரு வாய் தாங்க உம்மா."

"இப்ப ஏலாது மகள். கொஞ்சம் பொறு."

"குடிச்சிட்டு வெளிய போகக் கேக்க மாட்டேன். சத்தியமா. அடக்கிக்கிட்டு இரிப்பேன்."

கேட்டது எனக்குச் சரியாக விளங்கியதா என்று தெரியாமல் நான் குனிந்தேன். அவள் திரும்பவும் சொன்னாள், ஒரு வார்த்தையும் மாறாமல். பிறகு, "ஸ்கூல்ல நான் குடிக்கிறதே இல்ல உம்மா. வீட்டுக்கு வந்துதான் குடிக்கிறேன். நான் உங்கள்ட்ட வாறதில்லதானே" என்றாள். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதை ஆசிரியைக்கு ஒப்புவிக்கிற குரல் அது.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கணவருக்கு அங்கே எதுவும் கேட்டிருக்காது. அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயசைத்து ஓதிக்கொண்டிருந்தார்.

சேலைன் ஏற ஏற அவள் கட்டிலில் நெளியத் தொடங்கினாள். இரண்டு காலையும் பின்னிக்கொண்டாள். நேர்ஸ் பாத்திரத்தை எடுத்து வந்தார். எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுத வேண்டும். ஸஹ்லா தலையை ஆட்டினாள். வயிறு கல்போல இருந்தது. நேர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் இவ போறதில்ல? வயிறு நிறைஞ்சு இருக்கு."

"இதுலயே போ மகள், ஒண்டுமில்ல" என்றேன்.

"இன்னம் பெல் அடிக்கல்ல" என்றாள். அவள் கண்கள் சுவரில் எதையோ தேடின. மணிக்கூட்டையாக இருக்கலாம். "பெல் அடிச்சாப் போறேன்."

நேர்ஸுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் காதருகே குனிந்து, "பெல் அடிச்சிட்டு மகள். நான் கேட்டேன். எல்லாரும் போறாங்க, நீயும் போ" என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தை ஊன்றிப் பார்த்தாள். நம்பலாமா என்று யோசித்தாள். பிறகு கால்களைத் தளர்த்தினாள். அவ்வளவு நேரம் அவள் கண்ணீர் விடவில்லை; அப்போதுதான் அழுதாள், வெட்கத்தில். நேர்ஸ் விரிப்பை மாற்றி, அவள் நெற்றியைத் துடைத்து, "சரி பபா, சரி, நல்ல பபா" என்று சின்னக் குழந்தையிடம் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம்போல அவள் அமைதியானாள். மூச்சும் முன்பைவிட இலேசாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கணவருக்குத் தலையாட்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் திரும்பியபோது அவள் ஒரு கையால் தலையைப் பிடித்திருந்தாள்.

"தலையிடிக்கிதா?"

கையை எடுக்காமலே கிடந்தாள். "ஸஹ்லா" என்றேன். கண் திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. நான் கத்தினேன் என்று பிறகு கணவர் சொன்னார். எனக்கு நினைவில்லை. டொக்டர் ஓடி வந்ததும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியதும், டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துப் பார்த்ததும், ஒரு மருந்தை நாளத்தில் ஏற்றியதும், சேலைன் ஏறும் வேகத்தைக் குறைத்ததும் நினைவிருக்கிறது. யாரோ என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே கணவரின் பக்கத்தில் நின்றேன். உள்ளே பச்சை உடுப்புகளின் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

"என்னாச்சு?" என்று கணவர் கேட்டார்.

"டொக்டர் சொன்னாங்களே, அதுதான்."

அவர் என் கையைப் பிடித்தார். தோட்ட வேலையில் காய்த்துப்போன கை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நான் அல்லாஹ்விடம் கேட்டது என்ன என்று எழுதலாமா தெரியவில்லை. அவளை எப்படியாவது தா என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு, அவள் இப்படியே போய்விட்டால் அவள் என்னைப் பற்றி நினைத்த கடைசி நினைப்பு என்னவாக இருக்கும் என்று பயந்தேன். மகள் சாகப்போகிறாளோ என்ற பயத்துக்குள்ளே என்னைப் பற்றிய பயமும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

டொக்டர் வெளியே வந்து, மருந்து வேலை செய்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறாள், ஆனால் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு என்னை உள்ளே விட்டார்கள். "உன்ட பேர் என்ன?" என்று நேர்ஸ் கேட்டார். "ஸஹ்லா" என்றாள். "இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "டீச்சர்" என்றாள். நேர்ஸ் பயந்து டொக்டரைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஸ்கூல் டீச்சர்தான் மிஸ்" என்று சொன்னேன். அப்போதுதான் ஸஹ்லா, "எங்கட உம்மா" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். அரைக் கோப்பை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தாள்.

நாலாம் நாள் சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள். இந்த வருத்தம் மாறாது என்று அங்கேதான் டொக்டர் எங்களிடம் சொன்னார். உயிர் உள்ளவரை, நாளுக்கு நாலு தரம் இன்சுலின் ஊசி. சாப்பிட முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சீனி கூடினாலும் ஆபத்து, ஊசி போட்டுச் சாப்பிடாமல் விட்டுக் குறைந்தாலும் ஆபத்து. குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும், கவனிக்காவிட்டால் நினைவு தப்பும். நான் தனியாக டொக்டரிடம் போய்த் திறப்புக் கதையைச் சொன்னேன். கணவரிடம்கூட அதுவரை சொல்லவில்லை. டொக்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் செய்த எதனாலும் இந்த வருத்தம் வரவில்லை. அது தானாக வருவது. ஆனால் அடிக்கடி போகிறாள் என்று யாராவது ஏன் என்று கேட்டிருந்தால், இந்த நிலைக்கு வராமல் வாட்டில் வைத்தே கட்டுப்படுத்தியிருக்கலாம்."

என் கணவருக்கு இரத்தம் கண்டால் தலை சுற்றும். குர்பானுக்கு ஆடு அறுக்கும்போதும் மறுபக்கம் திரும்பி நிற்பவர். அவர் ஸஹ்லாவின் கட்டிலில் இருந்துகொண்டு, ஊசியைத் தன் வயிற்றில் குத்திக் காட்டினார், மருந்தில்லாமல். "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கி" என்றார். முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஸஹ்லா சிரித்தாள். "வாப்பா, உங்களுக்குச் சீனி கொறஞ்சிட்டு" என்றாள்.

ஆறாம் நாள் அதிபரும் நாலைந்து ஆசிரியர்களும் வந்தார்கள். ஸஹ்லா அவர்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். சிவராணி டீச்சர் மட்டும் பிந்தி நின்றார். வன்னியிலிருந்து சண்டைக்காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்; ஸஹ்லாவுக்குக் கணிதம் படிப்பிப்பவர் அவர்தான். என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டீச்சர், நான் ஒண்டு சொல்ல வேணும். சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது. மூண்டு கிழமைக்கு முன்னம் பாடத்துக்கு நடுவிலை பிள்ளை தண்ணிப் போத்தலைத் திறந்து தன்ரை மடியிலை ஊத்தினவள். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். விளையாட்டு எண்டு நினைச்சு எழுப்பி நிக்க விட்டனான்."

"ஏன் ஊத்தினாளாம்?"

சிவராணி டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்கு முன்னமே நனைஞ்சு போச்சு டீச்சர். அதை மறைக்கத்தான் ஊத்தியிருக்கிறாள். பிள்ளையளுக்கு விளங்கிப் போச்சு. எனக்குத்தான் விளங்கேல்லை. அண்டையிலையிருந்து அவளைப் பவுசர் எண்டுதான் கூப்பிடுகினமாம். வகுப்பு முழுக்க. நேற்றுத்தான் எனக்குத் தெரிய வந்தது."

மூன்று வாரத்துக்கு முன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு, காய்ந்த தொண்டையோடு, என் வகுப்பறைக்கு இரண்டு கதவு தள்ளி அவள் இருந்திருக்கிறாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்று பின்னேரம் நான் அவளிடம் கேட்டேன். "ஏன் மகள் எனக்குச் செல்லல்ல?"

அவள் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் அடங்காத புள்ள எண்டுதான் நினைச்சேன்" என்றாள். "மத்தப் புள்ளைகளுக்கு ஏலும்தானே. எனக்கு மட்டும்தான் ஏலாது. நீங்க செல்ற மாதிரி எனக்குக் கட்டுப்பாடு இல்ல எண்டு நினைச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி" என்றாள். அந்தச் "சரி" எனக்குப் போதாது. ஆனால் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வீட்டுக்கு விடுவதற்கு முந்திய நாள், இனிப் பாடசாலைக்குப் போவதைப் பற்றி நாங்கள் கதைத்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்.

"நான் அதே ஸ்கூலுக்குப் போவேன். வேற ஸ்கூலுக்குப் போனா, பவுசர் ஓடிட்டு எண்டுதான் செல்வாங்க. ஆனா உம்மா அங்க இரிக்க வேணாம்."

கணவர் என்னைப் பார்த்தார். "உம்மா பக்கத்துல இரிந்தாத்தானே நல்லம்? சீனி கொறஞ்சா யார் பாக்கிறது?"

"நானே பாப்பேன். உம்மா அங்க இரிந்தா என்னால ஒண்டும் கேக்க ஏலாது வாப்பா. யாருக்கிட்டக் கேட்டாலும் அது உம்மாக்கிட்டப் போகும்."

எனக்கு அது அடிபோல விழுந்தது. அவளை ஒரு நிமிடமும் கண்ணைவிட்டு அகற்றக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரவில் அவள் மூச்சைக் கேட்க எழும்பி எழும்பி உட்கார்ந்திருந்தேன். அந்த என்னிடம் அவள் கேட்டது, தூரப் போகச் சொல்லி.

பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள் ஆசிரியர் கூட்டம் கூட்டும்படி அதிபரிடம் கேட்டேன். திறப்பை மேசையில் வைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என்னோடு நல்லபடி பழகும் ஓர் ஆசிரியர் எழும்பினார்.

"டீச்சர், உங்கட கவல விளங்குது. ஆனா ஒரு புள்ளைக்கு வருத்தம் எண்டு எல்லாருக்கும் திறந்துவிட ஏலுமா? தண்ணிக்கு எங்க போறது?"

"ஸ்கூல்லயும் வீட்டுலயும் பக்கத்துலயே இரிந்தும் என்ட புள்ளைக்கு வருத்தம் எண்டு எனக்குத் தெரியல்ல சேர். மத்தப் புள்ளைகள்ல யாருக்கு என்ன இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

சிவராணி டீச்சர் எழும்பி, மலசலகூடத்துக்கென்று தனித் தாங்கி வைப்போம், கொண்டியைப் போடுவோம், பிள்ளைகளைப் பாடத்துக்கு நடுவிலும் போக விடுவோம் என்றார். அதற்குக் கை உயர்த்தினார்கள், எல்லோரும் அல்ல. பவுசர் என்ற பெயர் ஒரே நாளில் போய்விடவில்லை. இப்போதும் சிலர் சொல்வதாக ஸஹ்லா சொல்கிறாள். முன்போல வலிப்பதில்லையாம். நான் அதை முழுதாக நம்பவில்லை.

நான் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, மதுரங்குளிக்கு அப்பால் ஒரு பாடசாலைக்கு மாறிக்கொண்டேன். சிவராணி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்க்கவும் சீனி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் பழகிக்கொண்டு போனார். புதிய பாடசாலையில் முதல் இரண்டு வாரம் நான் படிப்பித்தது எதுவும் பிள்ளைகளுக்கு விளங்கியிருக்காது. போன் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று கையிலேயே வைத்திருந்தேன். வீதியில் அம்புலன்ஸ் போனால் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பேன்.

போன மாதம், நாலாம் பாட நேரத்தில் போன் அடித்தது. எங்கள் பழைய பாடசாலை அலுவலகத்தின் இலக்கம். முதல் மணி முடிவதற்குள் எடுத்தேன்.

"உம்மா, நான்தான்" என்றாள் ஸஹ்லா.

"என்ன மகள்?"

"சீனி கொறஞ்சு அறுவத்தி ரெண்டுக்குப் போய்ட்டு. ஜூஸ் குடிச்சேன். பதினஞ்சு நிமிசம் இரிந்து திரும்பவும் குத்திப் பாத்தேன். இப்ப தொண்ணூத்தி நாலு. உங்களுக்குச் செல்லணும் எண்டு எடுத்தேன்."

"தலையிடிக்கிதா? யாரு பக்கத்துல இரிக்கிற? நான் வாறேன்."

"சிவராணி டீச்சர் இரிக்கிறாங்க. நீங்க வர வேணாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாடத்துக்கு நடுவுலதான் வந்திச்சு. கை நடுங்கிச்சு. யாருக்கிட்டயும் கேக்காம எழும்பிப் போய்க் குடிச்சிட்டு வந்தேன்."

"நல்லம்" என்றேன்.

"சரி உம்மா, பாடம் போகுது" என்று வைத்துவிட்டாள்.

பாடசாலைக்கு எதிரில்தான் மகளின் பாடசாலைப் பக்கம் போகும் புத்தளம் பஸ் நிற்கும். அது வருகிற நேரம் எனக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், போனது. நான் உள்ளே வந்து, போனை மேசையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தேன். வெண்கட்டியை எடுத்து அடுத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். பஸ் சத்தம் முழுதாக மறைந்த பிறகும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே எழுதிக்கொண்டிருந்தேன்.